மாநிலத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது: தொண்டரின் வாக்கா, தலைமையின் அறிவிப்பா?

வைப்பாற்றான் எழுதியது:

தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் மாநிலத் தலைவர் மாறும்போதெல்லாம் "அடுத்து யார்" என்று ஊர் முழுக்கப் பேசுகிறோமே தவிர, "அவரைத் தேர்ந்தெடுத்தது யார்" என்று கேட்பதில்லை. 2024 பிப்ரவரியில் கே. எஸ். அழகிரிக்குப் பதிலாகக் கு. செல்வப்பெருந்தகை தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். டெல்லியிலிருந்து வந்த ஓர் அறிவிப்போடு அந்த மாற்றம் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரலில் நயினார் நாகேந்திரன் பாஜக மாநிலத் தலைவரானபோது தேர்தல் அறிவிப்பும் வேட்புமனுவும் முறைப்படியே இருந்தன என்றாலும், வந்தது ஒரே ஒரு மனு. தமிழிசை சௌந்தரராஜன் 2019 செப்டம்பரில் தெலங்கானா ஆளுநராகச் சென்ற பிறகு, 2020 மார்ச்சில் எல். முருகன் நியமிக்கப்படும் வரை, ஆறு மாதங்களுக்கு மேல் அந்தப் பதவி காலியாகவே கிடந்தது. தொண்டர்கள் தேர்ந்தெடுக்கும் பதவியாக இருந்திருந்தால் அவ்வளவு காலம் அதைக் காலியாக விட்டிருக்க முடியுமா?

இது வெறும் அலங்காரப் பதவி அன்று. கூட்டணிப் பேச்சு, மாவட்ட நிர்வாகிகள் நியமனம், வேட்பாளர் பரிந்துரை எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போகின்றன. ஏ படிவத்தில் யாருடைய பெயரையும் மாதிரிக் கையெழுத்தையும் கட்சி தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருக்கிறதோ, "இன்னார்தான் எங்கள் வேட்பாளர்" என்று அவர் கையெழுத்திட்ட பி படிவம் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரின் கைக்குப் போய்ச் சேராவிட்டால், கட்சியின் சின்னம் யாருக்கும் கிடைக்காது. நகல் செல்லாது, முத்திரைக் கையெழுத்தும் செல்லாது. பேனாவால் நேரில் இட்ட கையெழுத்தே வேண்டும். பெரும்பாலும் மாநிலத் தலைமையின் கையில் இருக்கும் இவ்வளவு அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அடிப்படை உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கூடல்மணி எழுதியது:

வைப்பாற்றான் அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். அவர் சொல்லும் வழியை ஏற்கவில்லை. தேசியக் கட்சியின் மாநிலத் தலைவர் தனி அரசரல்லர். ஓர் அகில இந்திய அமைப்பின் ஒரு பகுதியை நடத்தும் பொறுப்பாளர். அகில இந்தியத் தலைமையோடு ஒத்துப்போகாத ஒருவர் தொண்டர் வாக்கில் வென்று வந்தால், இரண்டு அதிகார மையங்கள் உருவாகி, தேர்தல் நேரத்தில் கட்சி செயலற்றுப் போகும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் செயலாளர் பதவிகளில் எந்தெந்தச் சாதியினர் அதிகம் இருக்கிறார்கள் என்பது இங்கே எழுதுபவர்கள் எல்லாருக்கும் தெரியும். உறுப்பினர் வாக்கெடுப்பு என்று வந்தால், ஒவ்வொரு மாவட்டத்திலும் எண்ணிக்கையில் மிகுந்த சாதியின் ஆள்தான் வாக்குகளைத் திரட்டுவார். பாஜகவில் முன்பு கிருபாநிதியும் பிறகு எல். முருகனும், காங்கிரஸில் 2024இல் செல்வப்பெருந்தகையும் மாநிலத் தலைவர்களாக முடிந்தது மேலிருந்து நியமிக்கும் முறை இருந்ததால்தான். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் மாவட்டம் மாவட்டமாக ஆதரவு திரட்டி, உறுப்பினர் வாக்கில் வென்றிருப்பார் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

வைப்பாற்றான் எழுதியது:

முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக பெ. சண்முகம் 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் தேர்வானார். அக்கட்சியின் தமிழ்நாட்டு வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் அவர். அவரை யாரும் டெல்லியிலிருந்து நியமிக்கவில்லை. கிளை மாநாட்டில் தொடங்கி மாநில மாநாடு வரை பிரதிநிதிகள் தேர்வாகி, அவர்கள் மாநிலக் குழுவைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குழு செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. வயது வரம்பும், ஒருவர் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செயலாளராக இருக்கக் கூடாது என்ற விதியும் அங்கே இருப்பதால் இடம் காலியாகிறது, புதியவர் வருகிறார். நியமன முறையில் வருபவர் நியமித்தவரின் விருப்பம் உள்ளவரைதான் நாற்காலியில் இருக்க முடியும். அதை எப்படிச் சமூகநீதி என்று சொல்வது?

மேலிடம் மாநிலத்தின் குரலைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1996ஐவிடத் தெளிவான பாடம் வேண்டாம். தமிழகக் காங்கிரஸார் எதிர்த்தும் நரசிம்ம ராவ் அதிமுகவோடு கூட்டணி வைத்தார். மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கி, திமுகவுடன் சேர்ந்து 39 சட்டமன்றத் தொகுதிகளையும் 20 மக்களவைத் தொகுதிகளையும் வென்றார். தாய்க் கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

கூடல்மணி எழுதியது:

நீங்கள் கேட்டது அடிப்படை உறுப்பினரின் நேரடி வாக்கு. சான்றாகக் காட்டுவது பிரதிநிதிகள் வழியாக, அதுவும் மேல் குழுவின் வழிகாட்டுதலோடு நடக்கும் மறைமுகத் தேர்வு. இரண்டும் ஒன்றல்ல. காமராசர் 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானதும் தேர்தல் மூலமாகத்தான். இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். அங்கே வாக்களித்தவர்களும் கமிட்டி உறுப்பினர்களே, நான்கணா கொடுத்த இலட்சக்கணக்கான உறுப்பினர்கள் அல்லர். அந்த முறைக்குத் திரும்பலாம் என்றால் நானும் உடன்படத் தயார்.

1996 எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. அது கூட்டணி முடிவு பற்றிய சண்டை. தொண்டர் வாக்கில் வந்த தலைவர் ஒருவர் அன்று சத்தியமூர்த்தி பவனில் அமர்ந்திருந்தாலும் ராவ் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்.

சட்டப்படிப்பாளன் எழுதியது:

இருவரும் தேசியக் கட்சிகளையே பேசுகிறீர்கள். நேரடி வாக்கு என்ற விதி எழுத்தில் இருந்த கட்சி இங்கேயே இருக்கிறது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், மற்ற விதிகளைப் பொதுக்குழு மாற்றலாம், இதை மட்டும் மாற்றக் கூடாது என்றும் எம்.ஜி.ஆர். காலத்து அதிமுக விதிகளில் எழுதப்பட்டிருந்தது. நடந்தது என்ன என்று பாருங்கள். ஜெயலலிதா ஒவ்வொரு முறையும் போட்டியின்றியே தேர்வானார். 2016 டிசம்பரில் சசிகலா பொதுக்குழுவால் தற்காலிகப் பொதுச்செயலாளரானார். 2017 செப்டம்பரில் அந்தப் பதவியே எடுக்கப்பட்டு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பதவிகள் வந்தன. 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவில் அவையும் நீக்கப்பட்டு, எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானார். உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு ஒரு பக்கமும் மேல்முறையீட்டில் அடுத்த தீர்ப்பு மறுபக்கமும் வர, 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் பொதுக்குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் நடந்த பொதுச்செயலாளர் தேர்தலில் அவர் ஒருவரே போட்டியிட்டார். போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்பது புதிய நிபந்தனை. ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் என்று மேடைதோறும் முழங்கும் கட்சியில் ஒரு வாக்குப் பெட்டிகூடத் திறக்கப்படவில்லை.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்றும் கேட்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி கட்சிகள் பதிவாகின்றன. குறித்த காலத்தில் உட்கட்சித் தேர்தல் நடத்துவதாக விதிகளில் எழுதித் தர வேண்டும் என்று ஆணையம் கேட்கிறது. ஆனால் எழுதியபடி நடக்கவில்லை என்பதற்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டத்திலேயே சேர்க்கலாம் என்று சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை 1999இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைத் தொடவில்லை. தொடும் என்று எதிர்பார்ப்பதற்கும் காரணம் ஏதுமில்லை, ஏனென்றால் அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் எல்லாரும் பி படிவம் வாங்கி வந்தவர்கள்.

முன்னாள் கிளைச் செயலாளர் எழுதியது:

நீங்கள் மூவரும் மேலேயிருந்து பார்க்கிறீர்கள். நான் கீழேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கட்சியின் பெயர் வேண்டாம். உட்கட்சித் தேர்தல் என்று அறிவிப்பு வந்ததும் முதலில் வருவது உறுப்பினர் சேர்க்கைப் படிவப் புத்தகம். அது கிளைக்கு வருமா, ஒன்றியச் செயலாளர் வீட்டு அலமாரியிலேயே தங்குமா என்பதில்தான் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. எதிர் அணிக்காரன் கேட்டால் "தலைமையில் புத்தகம் தீர்ந்துவிட்டது" என்ற பதில் வரும். எங்கள் ஒன்றியத்தில் சந்தாப் பணத்தை ஒரே ஆள் மொத்தமாகக் கட்டி, வாக்காளர் பட்டியலை வைத்துப் பெயர்களை எழுதி நிரப்பினார். இறந்துபோன என் சித்தப்பாவும் அந்த ஆண்டு சந்தா செலுத்திய உறுப்பினர்.

தேர்தல் நாளன்று வெளிமாவட்டத்திலிருந்து ஒருவர் கட்சியின் தேர்தல் ஆணையாளராக வந்து கல்யாண மண்டபத்தில் அமர்ந்தார். மினிட் புத்தகத்தில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தேர்வானவர் என்று மூன்று பத்திகள். மூன்றிலும் பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். "ஏகமனதாக" என்ற சொல்லும் தயாராக இருந்தது. பிறகு பிரியாணி.

ஆகவே வைப்பாற்றான் கேட்கும் நேரடி வாக்கும் கூடல்மணி ஒப்புக்கொள்ளும் கமிட்டி வாக்கும் ஒரே பட்டியலின் மேல்தான் நிற்கின்றன. உறுப்பினர் பட்டியல் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் கிளைச் செயலாளரைத் தீர்மானிக்கிறார். அந்த வரிசை மாநிலம் வரை ஏறுகிறது. பட்டியல் சரியாகாமல் தேர்தல் முறையை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

வைப்பாற்றான் எழுதியது:

அப்படியானால் கோரிக்கையை இன்னும் கூர்மையாக்குவோம். உட்கட்சித் தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே உறுப்பினர் பட்டியலைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பின் சேர்ந்தவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது.

கூடல்மணி எழுதியது:

இதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது பிரிவு தருகிறது. எதிர்க்கட்சியின் உறுப்பினர் யார் யார் என்ற முழுப் பட்டியல் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தால், அது ஆளுங்கட்சியின் கைக்குப் போகாது என்று யார் உறுதி கொடுப்பது? ஒப்பந்தக்காரருக்கு வேலை கிடைக்காது, சத்துணவு அமைப்பாளரின் மகளுக்கு இடமாற்றம் வரும். ஆணையத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 2018இல் திமுகவும் 2023இல் அதிமுகவும் தத்தம் தலைமையைத் தேர்ந்தெடுத்தபோது அரசு அலுவலர் ஒருவர் வந்து தலைகளை எண்ணியிருக்க வேண்டும் என்றால், அது கட்சியே அல்ல, இன்னொரு கூட்டுறவுச் சங்கம். கூட்டுறவுச் சங்கத் தேர்தல்கள் எந்த அழகில் நடக்கின்றன என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

முன்னாள் கிளைச் செயலாளர் எழுதியது:

சென்னைக்கோ டெல்லிக்கோ அனுப்ப வேண்டியதில்லை, ஐயா. எங்கள் ஊரில் யார் எந்தக் கட்சி என்பது தேநீர்க் கடைக்காரருக்கே தெரியும். ஊருக்குள் அது இரகசியமே இல்லை. கிளையின் உறுப்பினர் பட்டியலை அந்தந்தக் கிளையின் உறுப்பினர்களுக்கு மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் போதும். இறந்தவர் பெயரையும் வெளியூர் போனவர் பெயரையும் நாங்களே அடித்துவிடுவோம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் எண்ணிக்கை மட்டும் போகட்டும்.

சட்டப்படிப்பாளன் எழுதியது:

இதற்கு நாடாளுமன்றமோ ஆணையமோ தேவையில்லை. கட்சியின் துணைவிதியில் ஒரு வரி சேர்த்தால் போதும், அதைச் சேர்க்கும் அதிகாரம் பொதுக்குழுவுக்கு உண்டு. ஆனால் பொதுக்குழு உறுப்பினர்களில் பெரும்பாலோர் மாவட்டச் செயலாளர்களின் பட்டியலிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூடல்மணி எழுதியது:

கிளை அளவில் பட்டியல் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை ஒரு கட்சியாவது ஒரே ஒரு மாவட்டத்தில் செய்து காட்டட்டும். அந்த மாவட்டத்தில் மட்டும் நேரடி வாக்கு வைத்துப் பார்க்கவும் எனக்கு எதிர்ப்பில்லை. மாநிலத் தலைவர் தேர்வில் என் நிலை மாறவில்லை.