பாட்டாக்க பிள்ளைய (குடும்பக் குழு)

ஜெனி, இரவு 8.12
மாமி, ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதுன 'புத்தம் வீடு' படிச்சிட்டிருக்கேன். 1964ல வந்த நாவல். ஆளுங்க பேசுறதெல்லாம் நம்ம கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு. எனக்கே பல இடத்துல நின்னு யோசிக்க வேண்டியிருக்கு. அக்கானின்னா பதநீர்தானே?

செல்லம் மாமி, 8.15
அதேதான் மக்கா. கலயத்துக்க உள்ள சுண்ணாம்பு தேச்சுப் பனம்பாளையில கட்டுனா அக்கானி. தேய்க்காம விட்டா புளிச்சுக் கள்ளாயிரும்.

ஜெனி, 8.16
அப்போ திளாப்பு?

செல்லம் மாமி, 8.19
ரெண்டு காலையும் சேத்துப் பிடிக்க மாட்டுத வளையம். அது இல்லாம பனையில ஏற முடியாது. இடுப்புல அருவாப்பெட்டி, அதுக்குள்ள பாளை சீவுத அருவா. உங்க பாட்டா, அதான் எனக்க அப்பா, காலம்பற ஒருக்க ஏறுவாவ, வெயில் தாந்தப்பொறவு இன்னொருக்க. அவ்வளவு மரமும் ரெண்டு தடவை.

சேவியர் சித்தப்பா, 8.24
இப்பம் இந்தப் பேச்சு எதுக்கு? குரூப்புல சம்மந்தி வீட்டுக்காரங்களும் உண்டு. பனையேத்தக் கதை வேண்டாம்.

ரெஜி, 8.27
சித்தப்பா, அந்த நாவலே அதப்பத்தித்தான். புத்தம் வீடு மரம் வச்சிருக்க வீடு, கொஞ்சங்கொஞ்சமா நொடிச்சுப் போற வீடு. அந்த வீட்டுப் பொண்ணு லிஸி. தங்கராஜ் பனையேறிக்க மகன். ரெண்டு பேரும் ஒரே சாதி, ஒரே கிறிஸ்தவ வேதம். ஆனா மரத்துக்காரன் பிள்ளைய ஏறுதவன் வீட்டுல குடுப்பாவளா? அந்தம்மா ஆறு தசாப்தம் முன்னாலயே இதை எழுதிட்டாங்க. திருவனந்தபுரத்துல இங்கிலீஷ் பேராசிரியரா இருந்தவங்க. அப்பிடிப்பட்ட ஆளு நம்ம பேச்சைத் திருத்தாம அச்சுல ஏத்துனதுதான் எனக்குப் பெருசாப் படுது.

செல்லம் மாமி, 8.31
அதுல அக்கானி காய்ச்சுதது உண்டா மக்கா? யாரு காய்ச்சுதா?

ஜெனி, 8.33
கதை முக்காலும் லிஸி பக்கம்தான் மாமி. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்த நிப்பாட்டி வீட்டுக்குள்ள வச்சிருறாங்க. அவ பாக்குறதுதான் நமக்கும் தெரியுது.

செல்லம் மாமி, 8.41
அப்பம் அடுப்படி குறைவாத்தான் இருக்கும். நான் சொல்லுகேன், கேட்டுக்க. முறை உண்டு. ஒருநாள் அக்கானி மரத்துக்காரருக்கு, மறுநாள் நமக்கு. நமக்க முறை அன்னைக்கு அம்மை விடியக்கருக்கல்லயே ஓலையும் சருகும் கூட்டி வச்சிருவா. காய்ச்சி, கிண்டி, பாகு பதம் வந்துதான்னு பச்சவெள்ளத்துல ஒரு சொட்டு விட்டுப் பாப்பா. உருண்டு நின்னா சிரட்டையில ஊத்தணும். ஒரு நிமிசம் பிந்துனா கருப்பட்டி போச்சு, அன்னைக்குக் கஞ்சியும் போச்சு. புகையில அவளுக்க கண்ணு எப்பவும் செவந்துதான் கெடக்கும். பனையேறிய பத்தி எழுதுவாவ. காய்ச்சுனவளுக்க கண்ண யாரு எழுதுனா?

ரெஜி, 8.43
மாமி, இத அப்பிடியே எழுதி வைங்க.

செல்லம் மாமி, 8.44
எனக்கு எழுத்து வராது பிள்ளே. இதுகூட பேத்தி டைப் பண்ணித் தாறா.

சேவியர் சித்தப்பா, 8.58
நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே கிடையாது. 'பனையேறிக்க மவன்'. அக்கானி மணக்குதுன்னு பக்கத்துல இருக்கமாட்டானுவ. ஒரு கூட்டுக்காரனையும் நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. அப்பனுக்க நெஞ்சு முழுக்க மரம் உரசித் தோலு காய்ச்சுப் போயி, ஆமை ஓடு மாதிரி இருக்கும். பீஸு கட்டுததுக்குச் சட்டை போடாம வந்து நின்னாவ. நான் மூத்திரத்துக்குப் போறதா சொல்லிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சு நின்னேன். அவ்வ என்னத் தேடிட்டுப் போனாவ.

செல்லம் மாமி, 9.03
சேவியரே, இது எனக்கும் தெரியாதேப்பா.

சேவியர் சித்தப்பா, 9.04
ஆருக்கும் சொன்னதில்ல.

ஜெனி, 9.10
சித்தப்பா, மன்னிச்சிருங்க. தெரியாமக் கேட்டுட்டேன்.

செல்லம் மாமி, 9.13
மக்கா, எனக்குக் கண்ணு தெளியல்ல. நீ அந்தப் புஸ்தகத்த நித்தமும் கொஞ்சம் வாசிச்சு வாய்ஸ்ல விடுவியா? பேச்சு வாற எடத்துல சென்னைக்காரி மாதிரி வாசிக்காத. 'என் அம்மா' இல்ல, 'எனக்க அம்மை'.

ஜெனி, 9.15
கண்டிப்பா மாமி. நாளைக்கு முதல் அத்தியாயம்.

சேவியர் சித்தப்பா, 9.22
ஜெனி, எனக்கும் அனுப்பு. குரூப்புல வேண்டாம். தனியா.

செல்லம் மாமி, 9.23
குரூப்புலயே போடு பிள்ளே.