ரிச்சர்ட் டீயின் ரோட்ஸ் வாசிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ஏழாம்சுரம்:
ஜாஸ்-ஃபங்க் செஷன் வாசிப்பு (மத்தவங்க ரெக்கார்டிங்ல கூலிக்கு வாசிக்கிறது) படிக்க, ரோட்ஸ்ங்கிற எலக்ட்ரிக் பியானோ வாசிச்ச நியூயார்க் செஷன் கலைஞர் ரிச்சர்ட் டீயை எடுத்திருக்கேன். எந்தப் பதிவுகளை, எந்த வரிசையில கேக்கலாம்? அப்புறம், 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' பாட்டோட கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களை) முழுசா பிடிச்சா பேஸ் கிட்டாரோட சேர்ந்து கொழகொழன்னு ஆயிடுது. ஃபேஸர் (ஒலியைச் சுழல வைக்கிற எஃபெக்ட்) போட்டா தலை சுத்துது. எங்கே தப்பு?

இடதுகை:
முதல்ல 'ஸ்டஃப்' குழுவோட 1976 ஆல்பம். எல்லாருமே நியூயார்க் செஷன் ஆளுங்க. எரிக் கேல், கார்னெல் டுப்ரீன்னு ரெண்டு கிட்டார், ஸ்டீவ் கேட், கிறிஸ் பார்க்கர்னு ரெண்டு ட்ரம்ஸ், கார்டன் எட்வர்ட்ஸ் பேஸ். இத்தனை பேருக்கு நடுவுல கீபோர்டு எங்கே நுழையுது, எங்கே கையை எடுக்குதுன்னு மட்டும் கவனிங்க. டீயை எல்லாரும் கூப்பிட்டதுக்குக் காரணமே அந்த இடம் தெரிஞ்ச கைதான்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது குரோவர் வாஷிங்டன் ஜூனியரோட 1980 'வைன்லைட்'. நீங்க சொல்ற பாட்டு அதுலதான் இருக்கு, பேஸ் மார்கஸ் மில்லர். கடைசியா பீட்டர் கேப்ரியலோட 1986 'டோன்ட் கிவ் அப்'. அதுல டீ வாசிச்சது பியானோ. அவரோட சர்ச் காஸ்பெல் பாணி கை அங்கே பளிச்சுன்னு தெரியும்.

கொழகொழப்புக்குக் காரணம் இடது கை கார்டோட ரூட் (அடிப்படை) சுரத்தை வாசிக்கிறது. அது பேஸ்காரரோட வேலை. இடது கைக்கு ரூட்டுல இருந்து எண்ணி 3-வது, 7-வது சுரம் மட்டும் போதும், கீழிருந்து மேலா:

டி பிளாட் மேஜர் 7: எஃப், சி
சி 7: இ, பி பிளாட்
எஃப் மைனர் 7: இ பிளாட், ஏ பிளாட்
இ பிளாட் மைனர் 7: டி பிளாட், ஜி பிளாட்
ஏ பிளாட் 7: சி, ஜி பிளாட்

முதல் கார்டோட சி-யை நடு சி-யில வைங்க. ஒவ்வொரு விரலும் அரைச்சுரமோ முழுச்சுரமோதான் இறங்கும், கடைசி மாற்றத்துல ஒரு விரல் நகரவே நகராது. முடிவுல கீழ் விரல் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே வந்து நிக்கும். அதுக்கும் கீழே போகாதீங்க. வலது கைக்கு ரெண்டு சுரம் தாராளம். எஃப் மைனர் 7-க்கு சி, ஜி வச்சா 9-வதும் கிடைச்சிடும்.

ஏழாம்சுரம்:
நன்றிங்க. ரூட்டை விட்டதுமே தெளிஞ்சிடுச்சு. சஸ்டெய்ன் பெடல்?

இடதுகை:
கார்டு மாறுற இடத்துல மட்டும் லேசா. ஸ்னேர் விழும்போது சத்தம் அறுந்திருக்கணும். பெடலை மிதிச்சே வச்சிருந்தா ஃபங்க் செத்துடும். சுரத்தை எப்ப விடுறோம்ங்கிறதும் தாளம்தான்.

பழையரோட்ஸ்:
ஃபேஸர் விஷயம். டிஜிட்டல் கீபோர்டா இருந்தா அந்த ரோட்ஸ் ஒலிக்குள்ளேயே கோரஸோ ட்ரெமலோவோ மாதிரி ஒலியை அசைக்கிற எஃபெக்ட் ஓடிட்டிருக்கும், முதல்ல அதை அணைங்க. ரெண்டு அசைவு ஒண்ணு மேல ஒண்ணு விழுறதாலதான் தலை சுத்துது. ஃபேஸர் வேகம், ஒரு சுத்து முடிய 2 பார் (தாள ஆவர்த்தனம்) ஆகுற அளவு. ஃபேஸர்ல ஃபீட்பேக் குமிழ் இருந்தா கால்வாசிக்குக் கீழே.

நிஜ ரோட்ஸா இருந்தா ஃபேஸருக்கு முன்னாடி டைனை (சுத்தியல் அடிச்சு அதிர வைக்கிற உலோகக் கம்பி) பாருங்க. டைன் நுனி, அந்த அதிர்வை மின்சிக்னலா மாத்துற பிக்கப்போட நடுக்கோட்டுக்கு நேரா நின்னா மேல் ஸ்தாயிதான் தூக்கலா கேக்கும், அடிச்சுரம் காணாமப் போயிடும். கொஞ்சம் மேலே தள்ளி வச்சா மெல்ல தொட்டா உருண்டையா, ஓங்கித் தொட்டா மணி மாதிரி வரும். இடைவெளி சுமார் 1.5 மி.மீ. கீழ் ஸ்தாயி டைன்கள் அகலமா ஆடும், அங்கே இன்னும் கொஞ்சம் கூட்டணும், இல்லன்னா பிக்கப்புல இடிக்கும். சுருதி சேர்க்க டைன் மேல இருக்கிற ஸ்பிரிங்கை நகர்த்தணும். நுனிப் பக்கம் போனா சுருதி இறங்கும்.

மெல்லிசை:
ஒண்ணு விட்டுப்போச்சு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஒரு சாதாரண ரெக்கார்டிங் செஷன் 3 மணி நேரம், அதுல எடுத்துக்கிற இசை 15 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. அதனால கார்டு ஷீட்டைப் பார்த்து முதல் டேக்லயே சரியான பகுதி வாசிக்கிறவரைத்தான் திரும்பக் கூப்பிடுவாங்க. மேலே இருக்கிற அஞ்சு கார்டையும் 12 கீயிலயும் (சுருதியிலயும்) மெட்ரோனோமோட ஓட்டுங்க. பாடகர் வந்து அரைச்சுரம் இறக்கச் சொன்னா கை தடுமாறக் கூடாது.