எவா பெரோனின் அறக்கட்டளையை எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி:
அர்ஜென்டினா அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி எவா, அரசுப் பதவி எதுவும் வகிக்காமலேயே 1946 முதல் 1952 வரை பெரும் செல்வாக்குச் செலுத்தினார். அவருடைய அறக்கட்டளையைத் தொண்டு என்பதா, அரசியல் என்பதா?

மறுமொழி 1:
1948இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் முதியோர் இல்லங்களையும் கட்டியது. திருமண உறவுக்கு வெளியே பிறந்து வறுமையில் வளர்ந்த எவா, ஏழைகளை நாள்தோறும் நேரில் சந்தித்து, வீடு, மருந்து, தையல் இயந்திரம் என அவர்கள் கேட்டவற்றை வழங்கியது வெறும் விளம்பரமாக இருந்திருக்காது என்றே உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி 2:
பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். தொழிலாளர் ஊதியத்தில் பிடித்த தொகையோடு, நிறுவனங்களை நெருக்கிப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நன்கொடைகளும் அதில் சேர்ந்தன. அரசை எதிர்த்த 'லா பிரென்சா' நாளேடே 1951இல் பறிக்கப்பட்ட சூழலில், கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

மறுமொழி 3:
இரண்டும் உண்மையே. ஆயினும் 1947இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததில் அவருக்கிருந்த பங்கை மறக்கலாகாது. 33 வயதில் புற்றுநோயால் இறந்த அவருடைய உடலைக்கூட, 1955இல் ஆட்சியைக் கவிழ்த்த இராணுவத்தினர் அஞ்சி, இத்தாலியில் வேறு பெயரில் புதைத்து வைத்தனர். 1971இல்தான் அது கணவரிடம் ஒப்படைக்கப்பட்டது.