இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் 21 கி.மீ. – உங்க அனுபவம் சொல்லுங்க

பெசன்ட்நகர்_அம்மா
பையனுக்கு ஒரு வயசு ஆகப்போகுது. ஜனவரியில சென்னை மாரத்தான்ல ஹாஃப் ஓட ஆசை. போன ஞாயிறு லாங் ரன், எலியட்ஸ் பீச்ல கிளம்பி மெரினா லைட்ஹவுஸ் வரை. திரும்பும்போது அடையாறு பாலத்து மேல அடிவயித்துல ஒரு பாரம், ஏதோ கீழ இறங்குற மாதிரி. நின்னுட்டேன். மூச்சு நல்லாத்தான் இருந்தது. அப்போ முதல் 10 கே-வுக்கு நான் கூடவே ஓடிப் பழக்கின பொண்ணு எதிர்ல வந்தா. வாட்சை நிறுத்திட்டு, "அக்கா, நானும் நடக்கறேன்"னா. "நீ போடி, உன் டைமிங் கெடும்"னு அனுப்பிட்டேன். போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தா. அந்த முகம் கண்ணை விட்டுப் போகல.

ரேஸ்கோர்ஸ்_கோவை
எனக்கு டெங்கு. தேறினதும் ரேஸ்கோர்ஸ்ல மெதுவா ஒரு சுத்து. முன்னாடி பேசிக்கிட்டே ஓடுற வேகம்தான், ஆனா இதயத்துடிப்பு 175-ஐத் தாண்டிருச்சுங்க. அருகம்புல் ஜூஸ் விக்கிற அண்ணன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தூக்கிப் போட்டு, "உக்காருங்க சார், முகமே வெளுத்துப் போச்சு"ன்னார். ஓட்டத்தை விட்டா முதல்ல குறையறது ரத்தத்துல இருக்கிற நீர் அளவு, அதான் துடிப்பு எகிறுது. சில வாரம் மெதுவா ஓடினாலே திரும்பிடும். பயப்படாதீங்க அக்கா.

மதுரை_வைகைக்கரை
கோவை நண்பரே, "திரும்பிடும்"னு அவ்வளவு லேசாச் சொல்லாதீங்க. மூச்சு சீக்கிரம் திரும்புறதுதான் ஆபத்தே. நல்லாப் பயிற்சி எடுத்தவங்களை பயிற்சியை நிறுத்தச் சொல்லி 1984-ல ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஆக்சிஜன் எடுக்கிற திறன் 3 வாரத்துல 7 சதவீதம், 12 வாரத்துல 16 சதவீதம் குறைஞ்சது. அதை மீட்டுடலாம். தசையை எலும்போட இணைக்கிற தசைநாணும், எலும்பும் அந்த வேகத்துக்கு வராது. நெஞ்சு ‘போ’ங்கும், குதிகால் தாங்காது. எனக்கு அப்படித்தான், காலையில கட்டில்ல இருந்து இறங்கி வெச்ச முதல் அடியிலேயே சுவரைப் பிடிச்சேன்.

குதிகாலுக்குப் பின்னாடி இருக்கிற தசைநாண் வலிச்சா இதைச் செய்யுங்க: படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை வெச்சு, வலிக்கிற காலோட குதிகாலை மெதுவா கீழ இறக்கணும். மேல ஏற மத்த காலைப் பயன்படுத்துங்க. முழங்கால் நேரா 15 தடவை, 3 செட். லேசா மடக்கி இன்னொரு 3 செட். காலையும் மாலையும், 12 வாரம். தசைநாண் குதிகால் எலும்போட ஒட்டுற இடத்துலேயே வலின்னா படிக்குக் கீழ இறக்காம தரையில செய்யுங்க. லாங் ரன்ல 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடைன்னு ஆரம்பிங்க. சென்னைப் புழுக்கத்துல பழைய வேகத்தை வாட்ச்ல பார்க்கவே பார்க்காதீங்க.

இரண்டு_பிள்ளை_தாய்_திருச்சி
சார், அவங்க சொன்னது குதிகாலைப் பத்தி இல்ல. அடிவயித்துப் பாரம்.

அக்கா, எனக்கும் இருந்தது. காவிரிப் பாலத்துல ஓடும்போது சிறுநீர் கசிஞ்சு, துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். "ரெண்டு பெத்தா அப்படித்தான்"னு மாமியார்கூட சொன்னாங்க. அப்படி இல்ல. இடுப்புத்தளத் தசை, அதாவது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழ இருந்து தாங்குற தசை, பலவீனமாகுறது. சிகிச்சை இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் 12 வாரமாவது ஓடக்கூடாதுன்னு 2019-ல பிசியோதெரபிஸ்ட்டுகள் எழுதின வழிகாட்டுதல் இருக்கு. எத்தனை மாசம் கழிச்சுன்னாலும் பாரமோ கசிவோ வந்தா ஓட்டத்தை நிறுத்திட்டுக் காட்டணும். மகப்பேறு டாக்டர்கிட்ட கேட்டு, இடுப்புத்தளம் பார்க்கிற பிசியோகிட்ட போங்க.

பெசன்ட்நகர்_அம்மா
இதை யாருமே எனக்குச் சொன்னதில்ல, தங்கச்சி. டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் போட்டுட்டேன். அவங்க பார்க்கிற வரை நடை மட்டும்தான். ஜனவரியைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்.

ரேஸ்கோர்ஸ்_கோவை
மதுரை சார், அந்தப் படிக்கட்டுப் பயிற்சியில வலிச்சா நிறுத்திடணுங்களா?

மதுரை_வைகைக்கரை
லேசா வலிச்சா தொடரலாம் தம்பி. வலி கூடிக்கிட்டே போனா, இல்ல மறுநாள் நொண்ட வேண்டி வந்தா குறைங்க.