தாது உப்பு கொடுத்தும் பால் காய்ச்சல் ஏன்?

கேள்வி: கலப்பின ஜெர்சி பசு, மூன்றாம் ஈற்று. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை, சினையின் கடைசி மாதம் கால்சியம் டானிக்கும் உண்டு. கன்று போட்ட மறுநாளே படுத்துவிட்டது. ஏன்?

பதில் 1: டானிக்தான் காரணம். கடைசி 3 வாரம் தீனியில் கால்சியம் தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கவைக்கும் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும். சீம்பால் இறங்கும்போது ரத்தத்தில் கால்சியம் சட்டென்று சரிந்து மாடு படுத்துவிடும்; இதுதான் பால் காய்ச்சல். அடுத்த ஈற்றுக்கு அந்த 3 வாரம் டானிக்கையும் கால்சியம் அதிகமுள்ள குதிரைமசால் தீவனத்தையும் நிறுத்துங்கள். கன்று போட்டதும் ஆரம்பிக்கலாம்.

பதில் 2: காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பக்கவாட்டில் சாயாமல் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை மருத்துவர்தான் ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும்; வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

பதில் 3: எழுந்த பிறகு 2 நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம். பாலோடு கால்சியம் போய், திரும்பவும் படுத்துவிடலாம்.