மெழுகுவர்த்தி நடுவில் குழி விழுந்து அணைந்துவிடுகிறது, எதை மாற்ற வேண்டும்?

கேள்வி:
வணக்கம். ஒரு மாதமாக வீட்டில் சோயா மெழுகில் மெழுகுவர்த்தி செய்து பழகுகிறேன். 8 செ.மீ. அகலமுள்ள கண்ணாடி டம்ளர், நடுவில் மெல்லிய பருத்தித் திரி ஒன்று. ஏற்றினால் திரியைச் சுற்றி மட்டும் கிணறு மாதிரி குழி விழுகிறது, ஓரத்து மெழுகு உருகவே மாட்டேன் என்கிறது, அப்புறம் சுடர் சின்னதாகி அந்தக் குழியிலேயே மூழ்கிவிடுகிறது. நிறத்துக்கு மகளின் கிரேயானைச் சீவிப் போட்டேன். அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்து, அணைத்து, மறுநாள் மறுபடி ஏற்றுவேன். வாணலியில் போட்டு நேராக அடுப்பில்தான் உருக்குகிறேன், போன வாரம் ஒருமுறை லேசாகப் புகைந்தது, ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருப்பேன். நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு 20 கேட்டிருக்கிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

பதில் 1:
அக்கா, திரியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், முதலில் அந்தச் சொம்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உருகிய மெழுகு தண்ணீரைவிட லேசானது, எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் அந்தச் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாக விரியும், அந்த வேகத்தில் எரிகிற மெழுகு கூரை வரை வீசும். பொருத்தமான தட்டு மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியை மேலே நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டாம்.

மெழுகு பால் மாதிரி பொங்கி எச்சரிக்காது. புகை வருகிறது என்றால் சூடு எல்லை மீறிவிட்டது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, அடியில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். அப்படிச் செய்தால் மெழுகின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெளித் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். குழிக்குக் காரணம் ஒன்றல்ல. கிரேயானில் இருக்கும் நிறப்பொடி மெழுகில் கரையாது, திரியின் இழைகளுக்குள் புகுந்து அடைத்துவிடும், மெழுகு மேலே ஏறாமல் சுடர் சுருங்கும். மெழுகுக்கென்று விற்கும் சாயத்தையே வாங்குங்கள். அடுத்தது திரி, 8 செ.மீ. டம்ளருக்கு அது போதாது. இரண்டு மூன்று தடிமனில் வாங்கி, ஒரே மெழுகு, ஒரே டம்ளரில் தனித்தனியாக ஊற்றி எரித்துப் பாருங்கள், இந்தச் சோதனைக்குக் குறுக்குவழி கிடையாது. மூன்றாவது அந்த அரை மணி நேரம். முதல் தடவை ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம்வரை உருகும்வரை விட வேண்டும், உங்கள் அளவுக்கு மூன்று மணி நேரமாவது ஆகும், பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் உருகும்.

வாசனை எண்ணெய் சேர்த்தால் கரண்டிக் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள், 500 கிராம் மெழுகுக்கு 40 கிராமுக்கு மேல் போக வேண்டாம். மீந்த மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்துவிடும்.

கேட்டவர்:
சொம்பை அன்றைக்கே எடுத்துவிட்டேன், அதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. கிரேயான் இல்லாமல் மூன்று தடிமனில் ஊற்றி ஒரு வாரம் ஆறவிட்டு இன்று ஏற்றினேன். நடுத்தடிமன் திரி மூன்றேகால் மணி நேரத்தில் ஓரத்தைத் தொட்டது. தடித்ததில் சுடர் உயர்ந்து கரி படிந்தது. பழைய டம்ளர்களை என்ன செய்ய?

பதில் 2:
அப்படியானால் நடுத்தடிமனே உங்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரி 5 மி.மீ. மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். பழையதன் வாய்க்கு அலுமினியத் தாளைச் சுற்றி, நடுவில் மட்டும் திறப்பு விட்டு ஏற்றினால் சூடு தங்கி ஓரமெழுகு இறங்கும், கூடவே இருந்து பாருங்கள், தாள் சுடும். கிரகப்பிரவேசத்தில் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சியதும் அணைத்துவிட வேண்டும், அதற்குக் கீழே எரியவிட்டால் கண்ணாடி சூட்டில் வெடிக்கலாம்.