படிப்பகத்துப் பழைய கணினிகளுக்கு எந்த டெஸ்க்டாப்?

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:
எங்கள் ஊர் படிப்பகத்துக்குப் பழைய கணினிகள் சில வந்திருக்கின்றன. பெரும்பாலும் 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுகிறேன். ஒன்றில் நிறுவியதும் இயல்பாக க்னோம் என்ற டெஸ்க்டாப் (திரைச்சூழல்) வந்தது. பிரவுசரில் ரெண்டு மூணு டேப் திறந்தாலே டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ் அப்படியே நின்றுவிடுகிறது. வரப்போவது பள்ளிப் பிள்ளைகளும், சிட்டா எடுக்க வரும் விவசாயிகளும். அவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள், நான் வைப்பதுதான் நிலைக்கும். எதை வைக்கலாம்? தமிழ்99 விசைப்பலகை முறை அவசியம்.

மகாமகம், கும்பகோணம்:
எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை வையுங்கள் தம்பி. ரேம் நிரம்பியதும் கணினி டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்துகிறது, அதனால்தான் அந்த விளக்கு. மறுபடி நிறுவ வேண்டாம். டெபியனில் உள்ள டாஸ்க்செல் என்ற நிறுவும் கருவியை ஓட்டி எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்புறம் உள்நுழையும் திரையில் பெயரைச் சொடுக்கியதும் கீழே ஒரு பல்சக்கரம் தெரியும், அங்கே மாற்றுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிரவுசர் தின்னும் ரேமை எந்த டெஸ்க்டாப்பும் குறைக்காது. கையில் காசிருந்தால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள்.

குறுவை, திருத்துறைப்பூண்டி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றிலும் க்னோமை எடுத்துவிடாதீர்கள். டெபியனே 2013-இல் சோதனைப் பதிப்பில் எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறி, 2014-இல் க்னோமுக்குத் திரும்பியது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் அதற்கு முக்கியமான காரணம். திரையை வாசித்துக் காட்டும் ஓர்கா, க்னோமில்தான் நன்றாக இணைந்திருக்கிறது. பார்வையற்ற ஒருவர் படிப்பகத்துக்கு வந்தால் அவர் உட்காரவும் ஒரு கணினி வேண்டுமல்லவா?

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளை நிறுவுங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யில் ஐஎம்-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவி மூலம் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி உள்ளே வர வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் தமிழ் வரவில்லை என்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி. எக்ஸ்எஃப்சிஇ-யில் மவுஸ் இப்போது நிற்பதில்லை. ஆவணம் எழுதும் ரைட்டர் மென்பொருளில் தமிழ்99-உம் வந்துவிட்டது. ம-வை ரெண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது. 8 ஜிபி ரேம் உள்ள ஒரே கணினியில் க்னோமை விட்டுவைக்கிறேன், ஹெட்போனும் வாங்கிவிடலாம். ஓர்கா தமிழில் வாசிக்குமா?

குறுவை:
வாசிக்கும். எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் என்ஜி-யில் தமிழ் உண்டு. குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் புரியும். ஓர்கா அமைப்புகளில் குரல் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா ஓடத் தொடங்கும். அந்த மேசையில் இதை எழுதி ஒட்டினால் போதாது, வருகிறவரிடம் வாயால் சொல்ல ஆள் வேண்டும்.